டேங்க்கின் தலையைத் திருப்பிய கதை

திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் செய்து கொடுக்கும் தொழில் எனக்கு. ஓடினால் மார்க் அவர்களுக்கு, ஓடாவிட்டால் வசவு எனக்கு. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் முன்னால் முழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். கேளுங்கள்.

ஆர்டர் வந்தது

நாமகிரிப்பேட்டை பழனிச்சாமி அண்ணன் ராணுவத்தில் டேங்க் ஓட்டியவர், இப்போது மஞ்சள் விவசாயி. மகள் கவிதா ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டில் நீளத்தில் ஒரு ரிமோட் டேங்க் வேண்டுமாம். பீரங்கி இருக்கிற தலைமேல் தாம்பூலத் தட்டை வைத்து ஓட்டிப்போய், மாப்பிள்ளை வீட்டார் பக்கம் தலையைத் திருப்பி நிறுத்த வேண்டுமாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. செயின் சக்கரம், ஸ்பீடு, ஹாரன் என்று அளந்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"ஓடறது பெருசில்லீங்க சாமி. தலை நெனச்ச எடத்துல திரும்பி நிக்கோணும்."

வைப்பர் மோட்டார்

தலையைச் சுற்ற, பழைய லாரியின் வைப்பர் மோட்டாரை மாட்டினேன். வலு ஏராளம், புத்திதான் இல்லை. எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது. பட்டனை அழுத்தினால் கிறுகிறுவென்று சுற்றும், விட்ட பிறகும் உபரியாக ஒரு சுற்று வரும். பேட்டரி கீழே, லைட்டும் ஹாரனும் மேலே. நடுவில் போன ஒயரெல்லாம் சடை பின்னியது போல முறுக்கிக்கொண்டு பட்டென்று அறுந்தது. அறுந்த ஒயர் ஒன்று எங்கேயோ உரசி, மோட்டார் நிற்கவே மாட்டேன் என்றது. நான் டேங்கைச் சுற்றிச் சுற்றி ஓட, பக்கத்துப் பட்டறையில், போர்வெல் போடும் ரிக் லாரி பழுது பார்க்கும் செல்வம் எட்டிப் பார்த்தார். உதவத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இந்தச் சுத்துச் சுத்துதே, தண்ணி வந்துருச்சுங்களா?"

வால்யூம் குமிழ்

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் தலைக்கு அடியில் பொருத்தினேன். தலை திரும்பினால் குமிழும் திரும்பும். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதை வைத்து சர்க்யூட் தெரிந்துகொள்ளும். ரிமோட் குச்சியை எவ்வளவு சாய்க்கிறேனோ அவ்வளவுதான் திரும்பி நிற்கும். சந்தோஷத்தில் செல்வத்துக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

பார்க்க வந்த அண்ணன் முகத்தில் களையே இல்லை. லீவில் வந்திருந்த கவிதாவும் கூட வந்தாள். விஷயம் இதுதான்: ஆட்டையாம்பட்டி மாப்பிள்ளைக்குப் பூரண சம்மதம். ஆனால் அவருடைய பெரியப்பா, பெண் வேலையை விட்டால்தான் கல்யாணம் என்கிறார். இவளோ விடுவதாக இல்லை. தட்டு மாற்றும்முன் சபையில் கேட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு. கவிதா டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வேலைய உடச் சொன்னாங்கன்னா இதுலயே ஏறிப் போயிருவேன். பேட்டரிய நல்லா சார்ஜ் பண்ணி வைங்கண்ணா."

பன்னீர்

மண்டபத்தில் டேங்க் ராஜா மாதிரி போனது. பெரியப்பா முன்னால் நின்று, தலை அழகாகத் திரும்பித் தட்டை நீட்டியது. அண்ணன் கைகூப்பி, பொண்ணு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து, பன்னீர் தெளித்துக்கொண்டு வந்த உறவுக்காரர் ஒருவர், டேங்குக்கும் மரியாதை செய்வோம் என்று சொம்பைத் தாராளமாக உதறினார். பன்னீர் குமிழுக்குள் இறங்கிவிட்டது. தலை எங்கே பார்க்கிறது என்று தெரியாமல் சர்க்யூட் குழம்பி, இடதும் வலதுமாக வெடவெடவென்று உதற ஆரம்பித்தது. வெற்றிலை சிதறியது. ரிமோட்டை அணைத்தேன், நிற்கவில்லை. நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேனே பாவி என்று ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் பக்கம் கோயிலில் கிடா வெட்டும்முன் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். இருந்த பதற்றத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பெரியப்பாவுக்கு வந்தது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி தெளிச்சதும் துலுக்கிருச்சு. இனி நா என்னங்க சொல்றது, புள்ள வேலைக்கே போவட்டும்."

குமிழுக்குத் தண்ணீர் புகாதபடி இப்போது பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டேன். ஆனால் டேங்கை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வேலையாக அதைக் கழற்றச் சொல்கிறார்கள்.