தெறிகள் போட்ட பால்மாப் பேணி

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் குதிக்காலில் ஒரு தழும்பு இருக்கிறதல்லவா? வலையிலிருந்து மீன் தெரிந்தெடுக்கும்போது திருக்கை முள் ஏறிய இடம் அது. நீங்கள் அப்போது பிறக்கவில்லை. புண் ஆறவேயில்லை. காலை எடுக்க வேண்டிவருமோ என்ற பயத்தில், நாரந்தனையிலிருந்து எங்கள் தீவின் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஓர் இளம் பெண் டொக்டர். மேசையில் பால்மா வந்த ஒரு தகரப் பேணி. அதற்குள் வெள்ளையும் கறுப்புமாகச் சட்டைக்குத் தைக்கிற பொத்தான் தெறிகள். இந்தப் புண்ணுக்கு இரண்டு மருந்து இருக்கிறது, எது திறமென்று தனக்கு இன்னும் தெரியாது என்றார். தெரியாது என்று சொன்ன டொக்டரை அன்றுதான் கண்டேன். சம்மதமென்றால் பார்க்காமல் ஒரு தெறி எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் தூள் மருந்து, கறுப்பு வந்தால் பூச்சு மருந்து. எடுத்த தெறி திரும்ப உள்ளே போகும். புண் ஆறினால் அதே நிறத்தில் இன்னொன்றும் போடுவார். ஆறாவிட்டால் மற்ற நிறத்தில்.

எட்டிப் பார்த்தேன். வெள்ளைதான் கூடுதல்.

“இது கள்ளச் சீட்டெல்லோ, டொக்டர்? எங்கட கரையிலை வலை வளைக்க நல்ல இடம் இண்டைக்கு ஒருத்தனுக்கெண்டால் நாளைக்கு மற்றவனுக்கு. சரிசமன்.”

“மீன் இண்டைக்குத் தப்பினால் நாளைக்குப் பிடிக்கலாம், அண்ணை. கால் அப்பிடியோ? வெள்ளையிலை கனபேருக்குப் புண் மாறியிருக்கு. அடுத்து வாறவைக்கு அது விழுறது கூடட்டும்.”

“அப்ப கறுப்பை எறியுங்கோவன்!”

“ஏலாது. இன்னும் கொஞ்சப் பேர்தான் வந்தவை. அவசரப்பட்டால் கணக்குப் பிழைச்சுப் போகும்.”

அம்மா பேணிக்குள் கையை விட்டாள். கறுப்பு வந்தது.

“இன்னொருக்கா எடுக்கலாமே?” என்றேன்.

“பேசாமல் இருங்கோ,” என்றாள் அம்மா. “சுறாவுக்குப் பயப்பிடாத மனிசன் தெறிக்குப் பயப்பிடுது!”

டொக்டரும் சிரித்துவிட்டார். “புண் மாறாட்டில் மற்ற மருந்தைத் தருவன், அண்ணை. கைவிட மாட்டன்.”

கைவிடவில்லை. அம்மாவின் கட்டை அவரே அவிழ்த்துப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். புண் மெல்ல வற்றி, ஒருநாள் தோல் மூடியது. அன்று அவர் பேணியைத் திறந்து, எங்கள் கண்முன்னாலேயே ஒரு கறுப்புத் தெறியைப் போட்டார். மற்றவர்களின் புண்கள் வெள்ளை, வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் அம்மாவின் கால் சொன்னதையும் அவர் கேட்டார்.

கடைசியில் வெள்ளைதான் திறமென்று தெரிந்ததாகப் பிறகு அறிந்தேன். அதற்காக அம்மாவின் கறுப்பு வீணென்று நினையாதீர்கள். அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் டொக்டர் அந்த முடிவுக்கு வந்தார்.

புண் ஆறிய அன்று வெளியே வரும்போது, இறுப்பிட்டியிலிருந்து வந்த ஒரு பெண் வாங்குப் பலகையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அம்மா திரும்பிப் பார்த்து, “பேணியை நல்லாக் குலுக்குங்கோ, டொக்டர்!” என்றாள். பிறகு, என் தோளைப் பிடிக்காமல் படியிறங்கினாள்.