ஃபிலோமினா அக்காவின் கடைசி வரி

திங்கட்கிழமை காலை கொரட்டூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது ஃபிலோமினா அக்காவின் மகள் ஜெனி போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா நேத்து சாயங்காலம் போய்ட்டாங்க" என்றாள். "எங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். புரிந்த பிறகும் கம்பெனி பஸ்ஸில்தான் ஏறினேன். மண்ணூர்பேட்டையில் இறங்கிய பிறகே, போக வேண்டிய இடம் இது இல்லை என்று உறைத்தது.

நம் கம்பெனி செக்கிங் மேஜையில் பதினாறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் அவர் குரலை, கூட வேலை பார்த்த நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆனதும் அது போயிற்று. ஜெனி ஒரு டேப்லெட்டும், அதன் திரையில் எழுத ஸ்டைலஸ் பேனாவும் வாங்கித் தந்தாள். முதல் வாரம் அக்கா தொடவே இல்லை. பிறகு கீழே வைக்கவே இல்லை. கோபம் வந்தால் கோட்டைத் தடிமனாக்கி, சிவப்பில் எழுதுவார். கை நடுங்கியதால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். "மெதுவா எழுதுங்கக்கா" என்றேன் ஒருமுறை. "பேசும்போது மெதுவாவா பேசினேன்?" என்று எழுதிக் காட்டினார்.

கரையான்சாவடி மீன்கடைக்கு அவரோடு போயிருக்கிறேன். வஞ்சிரத்தை டேப்பில் வரைந்து, எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டு நீட்டினார். "இன்னாம்மா, டிராயிங் டீச்சரா நீ?" என்று கடைக்காரர் சிரித்தார். அக்கா வால் பக்கம் இன்னொரு கோடு சேர்த்தார்.

கடைசியாக நான் பார்த்தது சனிக்கிழமை மாலை. நாள் முழுக்க ஆட்கள் வந்துபோய் அவர் களைத்திருந்தார். நான் கிளம்பும்போது ஏதோ எழுதித் திருப்பிக் காட்டினார். 'நாளைக்கு வராத' என்று படித்தேன். ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்து, "சரிக்கா" என்றேன். தலையசைத்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை.

திங்கட்கிழமையே அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெனி சொன்னாள். "நேத்து பூரா வாசல் கேட்டையே பாத்துகினு இருந்தாங்க ஆன்ட்டி. யார் வரணும்மான்னு கேட்டேன். டேப் சார்ஜ்ல கெடந்துச்சு. சும்மா கையாட்டிட்டாங்க."

டேப்பை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. ஜெனி எட்டிப் பார்த்து, "நாளைக்கு வரியா" என்று படித்தாள்.

மறுபடி பார்த்தேன். 'வரியா' போலவும் இருந்தது, 'வராத' போலவும் இருந்தது. நான் சொன்ன "சரிக்கா" இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆவடியிலிருந்து அவர் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்ததாம், வரவில்லை. அக்கா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஜெனிக்கும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை ஜெனியை அனுப்பச் சொல்லி என் போனில் வைத்திருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். காலையில் ஒரு மாதிரி தெரிகிறது, மாலையில் வேறு மாதிரி. அவர் கையெழுத்தில் செக்கிங் ரிப்போர்ட் வாங்கிப் படித்துப் பழகியவர்கள் நீங்கள். படத்தை உங்களுக்கும் அனுப்புகிறேன், படித்துச் சொல்லுங்கள். எனக்காக மாற்றிப் படிக்க வேண்டாம்.