கரிக்குவியலுக்குள் எழுபத்திரண்டு டிகிரி

சனிக்கிழமை மத்தியானம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய சுவாதி இரண்டு பெட்டி மைசூர்பாகு வாங்கினாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்ததில், வீடு சேரும்போது ஒரு பெட்டிதான் மிச்சம்.

"இன்னாடி விசேஷம்?" என்றாள் அம்மா மீனம்பாள்.

"சும்மா எரிஞ்சிக்கினு இருந்த கரிய அணச்சிட்டேம்மா."

சுவாதி கடலோர அனல்மின் நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். நிலக்கரியில் எவ்வளவு வெப்பம் இருக்கிறதென்று அளந்து சொல்ல வேண்டும். சுரங்கத்திலிருந்து கிலோவுக்கு நாலாயிரம் கிலோகலோரி என்ற சீட்டோடு கிளம்பும் கரி, ரயிலேறி, கப்பலேறி, கிடங்கில் கிடந்து கொதிகலனுக்குள் போகும்போது மூவாயிரத்து அறுநூறுதான் காட்டியது.

"மழைல நனையுது, காத்துல பறக்குது. கொஞ்சம் போகத்தாம்மா செய்யும்" என்றார் மேலதிகாரி சிவசங்கர்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கப்பலிலிருந்து இறங்கும்போது பெரிதாகக் குறையவில்லையே. கிடங்கில்தான் எங்கேயோ போகிறது.

கல்லூரி விடுமுறைகளில், விவசாயிகள் நெல் விற்க வரும் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் கூட்டி அள்ளியவள் அவள். ஈரநெல்லைக் குவித்துப்போட்டால் உள்ளே கொதிக்கும் என்பது அவள் கைக்குத் தெரியும். நீளமான இரும்புக் குழாய்க்குள் வெப்பமானியை விட்டுப் பழைய குவியலில் செருகினாள். எழுபத்திரண்டு டிகிரி. நாலு மாதமாக அடியில் கிடந்த கரி, தீ தெரியாமலே கனன்றுகொண்டிருந்தது.

சிவசங்கர் வந்து குழாயைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "என்ன பண்ணலாம், சொல்லுங்க."

"பழசு மேல புதுசக் கொட்டாம, பழசயே மொதல்ல எடுக்கணும் சார். காத்து உள்ள போகாதபடி குவியல அழுத்தி வைக்கணும்."

மூன்று மாதம் அப்படியே செய்தார்கள். கிடங்கில் தொலைந்த வெப்பம் பாதியாகக் குறைந்தது. அதே மின்சாரத்துக்கு நாளொன்றுக்கு நாலு வேகன் கரி மிச்சம். நேற்று கிடங்கின் பொறுப்பையே அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

மீனம்பாள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். "அப்போ இத்தினி நாளா ஒல வைக்காத அடுப்புக்குத்தான் வெறகு வச்சிங்களா?"

சுவாதிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவள் அப்பா பொன்னுசாமி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

"அடுத்த மாசம் கிடங்கப் பாக்க உங்க ரெண்டு பேரயும் கூட்டினு வரச் சொல்லிருக்காங்க நைனா."

மீனம்பாள் அப்போதே பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்தாள்.

"கரிக்கிடங்குக்கு யாராவது பட்டு கட்டுவாங்களாம்மா?"

"எம்பொண்ணு பொறுப்புல இருக்குது. கட்டுவேன்."