எண்பதில் முனகிய சம்பந்தி கார்

1. வெள்ளைக் கார்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மூட்டை இறக்கும் லாரிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடிக்காமல் நின்றது. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் யாரும் இவ்வளவு பொறுமையாக நிற்பதில்லை. கண்ணாடி வழியே முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். திருப்பூணித்துறை ராமநாதன் சார்.

என் மகள் காவ்யாவும் அவர் மகன் விவேக்கும் காக்கநாட்டில் ஒரே ஆபீஸ். கல்யாணம் என்று அவர்கள் இருவரும் தீர்மானித்து வெகுநாள் ஆகிறது. எங்கள் வீட்டில் சம்மதம். சார் மட்டும் "பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லில் நின்றுகொண்டிருந்தார். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர், கோவிலில் கச்சேரி பாடுகிறவர். அவசரப்படுகிற ஆள் இல்லை.

"எண்பது தாண்டினா ஒரு முனகல்," என்றார். "ரெண்டு எடத்துல காட்டியாச்சு. ஒருத்தன் பேரிங் மாத்தினான், ஒருத்தன் டயர் மாத்தினான். முனகல் போகல்லை. நவராத்திரி கழிஞ்சதுலேர்ந்து இந்தக் கஷ்டம். தொண்ணூறுல போனாலும் அதே ஸ்ருதிதான், சத்தம் மட்டும் ஏறும். கேட்டேளா?"

தலையாட்டினேன். காதில் எதுவும் ஏறவில்லை. சட்டைக் காலரில் கிரீஸ் இருக்கிறதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க இத சரியாக்குங்கோ. பாக்கி காரியம் பின்னே பேசலாம்." சாவியைக் கொடுத்துவிட்டு வாட்டர் மெட்ரோ படகு ஏறப் போய்விட்டார். பாக்கி காரியம் எது என்று ஒர்க்‌ஷாப்புக்கே தெரியும்.

அவர் தலை மறைவதற்குள் காவ்யா போன் செய்தாள்.

"அப்பா, சொதப்பிராதீங்க."

"சொதப்பறதுக்கு என்னடி இருக்கு? இருபத்தஞ்சு வருஷமா இதே வேலை."

"பதட்டம் வந்தா தேவையில்லாததெல்லாம் கழட்டுவீங்க. நம்ம மிக்ஸி ஓர்மையிருக்கா?"

போனை வைத்துவிட்டேன்.

2. ஆடு சம்மதிக்க வேண்டும்

எண்பதில் வரும் சத்தத்தை மட்டாஞ்சேரியில் கேட்க முடியாது. இங்கே இருபதில் போகவே நடுரோட்டில் படுத்திருக்கும் ஆடு சம்மதிக்க வேண்டும். எறணாகுளம் தாண்டி கண்டெய்னர் ரோட்டுக்குப் போனோம். மெக்கானிக் ஆன்டோ ஓட்டினான். நான் பின்சீட்டில் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தேன்.

எண்பது வந்தது. கூடவே முனகலும் வந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். முதலில், அந்த வேகத்திலேயே ஆக்சிலேட்டரை விட்டு நியூட்ரல் போட்டு வண்டியை உருள விட வேண்டும். எஞ்சின் சத்தம் இறங்கியும் முனகல் அப்படியே இருந்தால், எஞ்சின் மேல் குற்றமில்லை. அடுத்து, ரோடு காலியாக இருக்கும்போது ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். பேரிங் போயிருந்தால் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாறும். எங்களுக்கு இரண்டிலும் முனகல் மாறவில்லை. மிச்சம் இருப்பது காற்று. பாடியில் எங்கோ இடுக்கில் காற்று விசில் அடிக்கிறது.

காற்றைப் பிடிக்க மாஸ்கிங் டேப்தான் வழி. எல்லா இடுக்கையும் ஒட்டி மூடி ஓட்டிப் பார்ப்பது, சத்தம் நின்றால் ஒவ்வொன்றாகப் பிரிப்பது. ரோட்டோரம் நிறுத்தி, கதவு, கண்ணாடி, பானெட், மிரர், ஹெட்லைட் ஓரம் என்று இருவரும் ஒட்டினோம். ஒரு சுற்று போதும் என்ற இடத்தில் மூன்று சுற்று ஒட்டினேன். திரும்பவும் எண்பது. திரும்பவும் முனகல்.

"சேட்டா," என்றான் ஆன்டோ, "இனி ஒட்ட நம்ம ரெண்டுபேரே பாக்கி."

"நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி இடுக்கு இருக்குல்ல?"

அதையும் மூடினோம். அடுத்த வளைவில் போலீஸ் கை காட்டியது.

3. ஒட்டாத இடம்

எஸ்.ஐ. காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நம்பரும் மூடிட்டு எங்கோட்டா யாத்ர? இதெந்தா, கல்யாண வண்டியோ?"

"ஆகணும்னுதான் சார் பாக்கறேன்," என்று என் வாய் சொல்லிவிட்டது. ஆன்டோ தலையைக் குனிந்துகொண்டான். ஆர்.சி. கேட்டார். அது திருப்பூணித்துறையில் இருந்தது. "ஓணர் வரட்டே," என்றார். நானே சாருக்குப் போன் போட்டு, "சார், வண்டி போலீஸ்ல நிக்குது," என்று சொல்ல வேண்டியதாயிற்று.

காத்திருந்த நேரத்தில் டேப் சுற்றிய காரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒட்டாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. முன்பக்க கிரில். அங்கே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும், வாழைக்கன்றோடு கட்டிய மாவிலை காய்ந்தும் இருந்தன. மெக்கானிக்குகள் யாரும் பூஜைக்குக் கட்டியதில் கை வைக்க மாட்டோம். கழுவும்போதுகூட விலக்கித்தான் தண்ணீர் அடிப்போம். முந்தைய இரண்டு இடத்திலும் அதையேதான் செய்திருப்பார்கள். நானும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் ஒட்டியிருந்தேன்.

குனிந்து பார்த்தேன். கன்றைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை, பெட்டி கட்டுவார்களே அந்த மாதிரி, கிரில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விறைப்பாக நின்றது. கன்று போய்விட்டது, பட்டை போகவில்லை. காற்று அடித்தால் அது அதிராமல் என்ன செய்யும்? வேகம் கூடினாலும் அதே ஸ்ருதி என்று மனிதர் காலையிலேயே சொன்னார். நவராத்திரி என்றும் சொன்னார். பேரிங்கோ டயரோ என்றால் வேகத்தோடு ஸ்ருதியும் ஏறும். வண்டியைத் தொடும் முன் கஸ்டமரை முழுக்கப் பேச விடுங்கள். பேசுகிறவர் யாராக இருந்தாலும் சரி.

ஆன்டோ பிளேடை நீட்டினான். "முறிக்கட்டே?"

"தொடாத. அவர் கையால கட்டுனது."

கல்யாணப் பேச்சு நடக்கும்போது மாப்பிள்ளை அப்பா பூஜைக்குக் கட்டியதை நான் அறுப்பதா?

வெயில் சாயும் நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ராமநாதன் சார் ஆர்.சி.யோடு இறங்கினார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கிரில்லைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து பட்டையை விரலால் ஒரு தரம் மீட்டினார். பிறகு ஆன்டோவிடம் பிளேடை வாங்கி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, தானே அறுத்தார். நம்பர் பிளேட் டேப்பை உரித்துவிட்டு, போலீஸ் ஜீப் பின்தொடர எண்பதில் ஓட்டிக் காட்டினோம். காருக்குள் எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

எஸ்.ஐ. ஆர்.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைக் காட்டி நான் அவருக்கு யார் என்று கேட்டார். "சாரே, ஈ ஆள் நிங்ஙளுடே ஆராணு?"

சார் என் சட்டையில் ஒட்டியிருந்த டேப் துண்டைப் பிய்த்தெடுத்தார்.

"எங்க சம்பந்தியாக்கும்," என்றார். "கல்யாணத்தன்னைக்கு இவர் கையில டேப் மட்டும் கொடுக்கப்படாது."