படத்தில் செத்துக் கிடந்தவர்

என் வீட்டுக்காரர் வீரபத்திரன் கண்டி மஹய்யாவையில் பிறந்து, அந்த ஊர்த் தெருக்களைக் கூட்டியவர். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் வெள்ளைக்காரர்கள் சிலர் தெல்தெனியப் பக்கம் யுத்தப் படம் எடுக்க வந்தார்கள். செத்த சிப்பாயாகப் படுக்க இவரைக் கூப்பிட்டார்கள்.

உயிரோடு இருப்பவர் பிணம்போல் கிடந்தால் எமன் நிஜமென்று நினைத்துவிடுவானே என்று எனக்குப் பயம்.

"போறதுன்னா போங்க. ஆனா கால் கட்டைவிரல ஆட்டிக்கிட்டே படுக்கணும்."

"படத்துக்காரன் திட்டுவான் புள்ள."

"திட்டட்டும். எனக்குத் தாலி நிலைக்கணும்."

படம் கண்டிக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மக்கீன் நானாவும் எங்களோடு வந்தார். பர்மா சண்டையில் லொறி ஓட்டியவர் அவர். திரையில் சப்பாத்து கழன்ற கால் ஒன்று தெரிந்தது. அதன் கட்டைவிரல் ஆடியது. கொட்டகையே சிரித்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மௌத்தானவன் விரல ஆட்டுவானா, வீரபத்திரா?" என்று நானாவும் சிரித்தார்.

"வீட்டு உத்தரவு, நானா."

நானா சிரிப்பை நிறுத்தினார். "அங்க விழுந்து கெடந்தவங்கள்ல ஒருத்தனாவது இப்புடி ஆட்டமாட்டானான்னு பாத்துக்கிட்டே வந்தவன் நான். படம் பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்."

ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் என் பேச்சைக் காப்பாற்றினாரே, நான் கொடுத்துவைத்தவள். அதற்குப் பிறகும் நெடுங்காலம் என்னோடு வாழ்ந்தார். அந்த விரலால்தான் வாழ்ந்தார். யார் இல்லையென்று சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்.