ஆறாத தகடு

பதினெட்டு வருஷமாக அவளுக்குப் பெயர் படக்கார அக்கா. அணு எரிபொருளைப் படம் பிடிப்பது அவள் வேலை. யுரேனிய வில்லைகளை விரல் தடிமன் குழாய்க்குள் வரிசையாக அடுக்கி மூடிவிடுவார்கள். உலையில் கிடந்து வெளியே வந்ததும், அறுக்காமல் உள்ளே பார்க்க வேண்டும். எக்ஸ்ரே பாச்சா அங்கே பலிக்காது, உலையிலிருந்து வரும் நியூட்ரான்தான் துளைத்துப் போகும். குழாயே கதிர்வீச்சைக் கக்குவதால் பக்கத்தில் ஃபிலிமை வைத்தால் அதுவும் பாழ். ஆகவே நிழலை ஓர் உலோகத் தகட்டில் பிடித்து, இருட்டறைக்குக் கொண்டுபோய், அதை ஃபிலிமோடு ஒட்டவைத்துப் படமாக்குவாள். தகட்டில் விழுந்த நிழல் லேசில் போகாது. மறுபடி எடுப்பதற்கு முன் தகடு முழுசாக ஒரு நாள் சும்மா கிடக்க வேண்டும். அதற்கு அங்கே ‘ஆறப்போடுவது’ என்று பேர்.

அவளுடைய தம்பி அதே வளாகத்தில் வில்லை அடுக்குகிறவன். அவன் அடுக்கிய குழாயில்தான் அவள் படம் ஒரு கறுப்புப் பட்டையைக் காட்டியது. அந்த இடத்தில் வில்லை இல்லை என்று அர்த்தம். தம்பியாக இருந்தால் என்ன, கண்ணில் பட்டதை எழுதித்தானே ஆக வேண்டும்? எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விசாரணை முடியும்வரை வராதே என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “எண்ணித்தான் அடுக்கினேன்க்கா” என்று ஒரே ஒரு தடவை சொன்னான். “படத்துல இருக்கேடா” என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

பத்தாம் நாள் காலை, கோப்பில் வைப்பதற்காக ஃபிலிம்களை விளக்குப் பெட்டிமேல் போட்டாள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. மேலே தம்பியின் குழாய். கீழே, தம்பியின் குழாயை எடுத்த அதே நாள் காலையில் எடுத்த, வருஷக்கணக்காக எரிந்து வில்லைகள் விலகிப்போன பழைய குழாய். இரண்டு பட்டையும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தன. அடிப்பாவி! என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாளைக்கு உலையை நிறுத்தப்போகிறோம், இன்றைக்கே முடித்துக் கொடு என்று, அந்தப் படம் பிடித்த அன்று விரட்டியிருந்தார்கள். இருந்த ஒரே நல்ல தகட்டை ஆறு மணி நேரத்திலேயே மறுபடி எடுத்தாள். பதிவேட்டில் ‘ஆறியது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பழைய குழாயின் மிச்ச நிழல் தம்பி தலையில் விடிந்திருக்கிறது.

மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள். “சார், அந்தக் குழாயை மறுபடி எடுக்கணும். தப்பு என்னுது.”

“அதை அறுத்து நாலு நாளாச்சும்மா. வில்லையெல்லாம் நொறுங்கிப்போச்சு. எத்தனை இருந்துதுன்னு இனிமே யாரு சொல்றது?”

“இந்த ரெண்டு ஃபிலிமையும் பாருங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்.”

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “தம்பிக்காகக் கதை கட்டறீங்கன்னுதான் சொல்லுவாங்க. ஆறியதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க தம்பியும் ஒத்துக்கிட்டு, வேலையை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நேத்தே மேல ஏத்துக்கிட்டாங்க.”

தாளை நீட்டினார். ‘எண்ணிக்கையில் நான்தான் தவறியிருக்க வேண்டும்’ என்று தம்பியின் கோணல் எழுத்து. நின்ற இடத்திலேயே தன் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தாள். இனி அதை யார் படிக்கப்போகிறார்கள்?

தம்பி வீட்டுக்குப் போய், படுத்திருந்தவனை உலுக்கி எழுப்பி, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்து கேட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையே என்றிருந்தது அவளுக்கு.

“எண்ணினேன்னு உனக்குத்தான் தெரியுமேடா! அப்புறம் எதுக்குடா எழுதிக் குடுத்தே?” என்று கத்தினாள்.

“எண்ணினதா ஞாபகம் இருந்துச்சு” என்றான் தம்பி. “ஆனா அந்த ரிப்போர்ட்டுக்குக் கீழே உன் கையெழுத்து இருந்துச்சேக்கா.”