கேட் வரை போய்க் கூப்பிட்டவர்

அத்தான் இறந்து ஒன்பது நாளாகிறது. அக்காவின் கணவர். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. அதே நீதிமன்ற அறையில் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து எழுதும் குமாஸ்தா நான்.

வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டால் போதும் என்பது விதி. அத்தான் வாசலில் ஒருமுறை, மாடிப்படியில் ஒருமுறை, தெருக் கேட்டில் ஒருமுறை கூப்பிடுவார். "கேசுன்னா வயித்தைக் கலக்கும் மாப்ள. பாதிப் பேர் கக்கூஸ்லதான் இருப்பாங்க" என்பார். நீதிபதியும் அதையே நடைமுறையாக்கி, அவர் திரும்பும்வரை காத்திருப்பார்.

ஒருநாள் ஒரு தையற்கார அம்மாவின் வழக்கு. அவர் வீட்டை இடித்தவர் ஆளுங்கட்சி ஒப்பந்தக்காரர். நீதிபதி வளைய மாட்டார் என்று தெரிந்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எனக்குப் போன் செய்தார்கள்.

"பெருசா ஒண்ணுமில்ல தம்பி. பேரை வாசலோட கூப்பிடச் சொல்லு. அந்தம்மாவை நாங்க கீழே பேச்சுல வெச்சுக்கிறோம். புள்ளகுட்டிக்காரன் நீ, எங்கயாவது தூக்கி அடிச்சா தாங்க மாட்டே."

அத்தானிடம், "இன்னைக்குக் கேஸ் நிறைய. வாசலோட போதும் அத்தான்" என்றேன்.

"படிச்சவன் சொன்னா சரிதான்" என்று சிரித்தார்.

ஆள் வரவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. பத்து நிமிடம் கழித்து அந்த அம்மா மூச்சிரைக்க ஏறி வந்தார். "கேட்டுலதான் நின்னேன். உங்க குரலே வரலையே ஐயா!"

அத்தான் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மாலை பஸ்ஸில், "யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழக்கை மறுபடி எடுக்கக் கோரி அந்த அம்மா மனுப் போட்டார். விசாரணையன்று அத்தான் தானாகவே நீதிபதி முன்னால் போய் நின்றார். "அவங்க வந்திருந்தாங்க ஐயா. நான்தான் கேட்டுக்குப் போகல."

"ஏன் போகல? யாராவது சொன்னாங்களா?"

"இல்லீங்க ஐயா. முழங்கால் வலி."

அதை எழுதியவன் நான்.

வழக்கு உயிர் பெற்றது. அந்த அம்மா ஜெயித்தார். அத்தானுக்கு மெமோ கொடுத்து, பதிவறையில் வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் யாரையும் கூப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்ததும் இல்லை.

இன்று அவர் காகிதங்களை அடுக்கியபோது அந்த மெமோ அக்கா கையில் கிடைத்தது.

"முழங்கால் வலியா? இவருக்கு ஏதுடா? அந்த ரூமுல நீயும்தானே இருந்தே?"

"ஞாபகமில்லக்கா" என்றேன்.